ஸ்டோர் ரிஜிஸ்டரில் தெரிந்த கம்பெனி

வில்லியனூர் பக்கம் நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. செங்கல் மேலேயிருந்து விழுந்து யார் தலையிலும் படாமல் போனால், ஏணி வழுக்கி ஆள் எப்படியோ கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தால், ஒயர் உரசிப் பொறி பறந்தால் அதையெல்லாம் எழுதிவைக்கிற நோட்டு. நியர் மிஸ் ரிஜிஸ்டர் என்பார்கள். 14 மாதத்துக்கு அதில் 14 பதிவுகள் இருந்தன. மாதம் ஒன்று, பால் கணக்கு மாதிரி. எல்லாமே ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. ஆடிட் வருவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது. எழுதியவர் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். அவருக்கு டீ சொல்லிவிட்டது நான்தான்.

நான் சேஃப்டி ஆள் இல்லை, பில்லிங் இன்ஜினியர். சிவில் டிப்ளமோ. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மூன்றரை வருஷம் தினமும் காலை பஸ் ஏறி ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, தவளக்குப்பம் என்று புதுச்சேரி போய், அங்கிருந்து இன்னொரு பஸ். அளவு எடுப்பது, பில் போடுவது, ஸ்டோர் கணக்கைச் சரிபார்ப்பது. இதுதான் என் வேலை. ஒரு கம்பெனி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதன் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பாதுகாப்பு வாசகங்களைப் படிக்க வேண்டாம், ஸ்டோர் ரிஜிஸ்டரைப் படித்தால் போதும் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அங்கேதான்.

உதாரணத்துக்கு ஹெல்மெட். அந்த வருஷத்தில் மூன்று தடவை வாங்கியிருந்தார்கள். மூன்று தேதியும் கிளையன்ட் தரப்பிலிருந்து சோதனைக்கு ஆள் வருவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்னால். உயரத்தில் வேலை செய்பவர்கள் உடம்போடு கட்டிக்கொள்கிற பெல்ட் 12 வாங்கினோம். யாருக்குக் கொடுத்தோம் என்ற கட்டத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தது, அதில் ஒருவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதம். மீதி 10 பெல்ட்டும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் தொங்கின.

ஏன் யாரும் போடவில்லை? ‘இவங்க சொன்னா கேக்கமாட்டாங்க மேடம்’ என்றார் புராஜெக்ட் மேனேஜர். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்புறம் ஒருநாள் மூன்றாவது மாடியில் அளவு எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன், பெல்ட்டைப் போட்டுக்கொண்டாலும் அதன் கொக்கியை எதில் மாட்டுவது? ஓரத்தில் லைஃப் லைன் கயிறு கிடையாது. மாட்டுவதற்கு ஒரு வளையம்கூட இல்லை. கொக்கியை இடுப்பிலேயே சொருகிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். கயிறும் வளையமும் ஏன் இல்லை என்றால் அதற்கு டெண்டரில் ஐட்டம் இல்லை. ஐட்டம் இல்லாததற்கு என்னால் பில் போட முடியாது. பில் போட முடியாததை யாரும் வாங்கமாட்டார்கள். பெல்ட்டுக்கு மட்டும் ஐட்டம் இருந்தது, அதனால் பெல்ட் வந்தது.

சென்ட்ரிங் கேங்குக்குச் சதுர அடி ரேட். ஒரு நாளில் எவ்வளவு பலகை அடிக்கிறார்களோ அதற்குத்தான் காசு. ஒவ்வொரு நாலு அடிக்கும் கொக்கியைக் கழற்றி மாட்டினால் அவர்கள் கூலியில்தான் குறையும். பாதுகாப்பாக வேலை செய்தால் வருமானம் குறைகிற மாதிரி ரேட்டை நாமே பேசி முடித்துவிட்டு, காலையில் எட்டரை மணிக்கு வரிசையாக நிற்க வைத்து ‘உங்கள் உயிர் உங்களுக்கு முக்கியம்’ என்று பேசுவோம். அந்தப் பேச்சும் தமிழில். 70 பேரில் 40 பேர் ஜார்க்கண்ட், ஒடிசா. எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுப்பது மாதிரி ஒரு போட்டோ, அது வாட்ஸ்அப்பில் ஹெட் ஆபீசுக்குப் போகும். அவ்வளவு பேரில் ஹெல்மெட் நாடாவைத் தாடைக்குக் கீழே ஒழுங்காகக் கட்டியிருந்தது ஒருத்தன்தான். மூன்றாவது மாடியில் நிறுத்தியிருந்த திருஷ்டி பொம்மை. யாரோ குறும்புக்காரன் புது மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டிருந்தான்.

இன்னொரு விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் தேதிகள் என் கையில் இருந்தன. எங்கள் சைட்டில் ரூஃப் கான்கிரீட் எல்லாமே மாதத்தின் 27, 28, 29 தேதிகளில்தான் நடந்தது. ஆர்.ஏ. பில், அதாவது நடந்த வேலைக்கு அவ்வப்போது போடுகிற பில், 30-ஆம் தேதி முடியும். அதற்குள் கான்கிரீட் போட்டுவிட்டால் அந்த மாதப் பில்லில் ஏறும், இல்லாவிட்டால் ஒரு மாதம் தள்ளும். அதனால் கம்பி கட்டி முடிக்காத இடத்தில் ராத்திரி விளக்குப் போட்டுக் கட்டுவார்கள். ஐப்பசி மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டரை ஓட்டுவார்கள். களைத்துப்போன ஆள், ஈரம், கரண்ட் ஒயர் எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே இடத்தில். இது சேஃப்டி அதிகாரி தீர்க்கிற விஷயமா? பில் தேதியைப் பத்து நாள் தள்ளிவைத்தால் தீர்கிற விஷயம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பில் போடுகிறவள் அதையெல்லாம் பேசுவது வழக்கமில்லை.

பீம் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது மாடி ஹாலில் ஏழு மீட்டர் நீளத்துக்கு ஒரு பீம். ஐ.எஸ். 456 என்று நமக்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு, 2000-ஆம் வருஷப் பதிப்பு. சாதாரண சிமெண்ட்டாக இருந்தால், ஸ்லாப் 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். பீம் ஆறு மீட்டர் வரை 14 நாள், ஆறைத் தாண்டினால் 21 நாள். பாலிடெக்னிக்கில் எல்லோரும் மனப்பாடம் பண்ணுவது. எங்கள் பீமுக்கு 12-ஆம் நாளே முட்டாக நின்ற இரும்பு ஜாக்கியைப் பிரித்துவிட்டார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். ஜாக்கி வாடகைக்கு எடுத்தது, அதே கம்பெனிக்கு அடுத்த சைட்டில் அவசரம், லாரி கீழே வந்து நிற்கிறது. சென்ட்ரிங் மேஸ்திரி பண்ருட்டிக்காரர், ‘இன்னும் பச்சையா இருக்கு சார்’ என்று சொல்லிப் பார்த்தார். மேஸ்திரிக்கு முப்பது வருஷ அனுபவம், அவரிடம் பேசிய இன்ஜினியருக்கு முப்பது வயசு ஆகவில்லை. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் போனை வைத்ததும் மேலேயிருந்து அடுத்த போன் வரும்.

இரண்டு நாள் கழித்து பீமின் அடியில், நடுவாக்கில், முடி கனத்துக்கு ஒரு விரிசல். அதைப் பார்த்தவன் எங்கள் டிரெய்னி. சின்னப் பையன், அந்த வருஷம்தான் படிப்பை முடித்தவன். போட்டோ எடுத்து, பக்கத்தில் பென்சிலை வைத்து (அளவு தெரிய வேண்டுமாம், சமர்த்து), சைட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அந்த குரூப்பில் கிளையன்ட் ஆட்களும் இருந்தார்கள்.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். கண்ணாடித் தடுப்பு, உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது, பையனின் காது சிவப்பது தெரிந்தது. வெளியே வந்து போட்டோவை டெலீட் பண்ணினான். மறுநாள் திரும்ப நாலு ஜாக்கி முட்டுக் கொடுத்தார்கள், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் வந்து பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அந்த பீம் இன்றைக்கும் நிற்கிறது. ஆக, விரிசலால் எந்தக் கேடும் வரவில்லை. அதற்கு அப்புறம் அந்த குரூப்பில் வந்ததெல்லாம் ‘குட் மார்னிங்’, பொங்கல் வாழ்த்து, கை நீட்டிய போட்டோ.

விழுந்தது தை மாதத்தில்.

வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சாரத்தில் இருந்த ஒரு பலகை குறுக்கே வெடித்திருந்தது. ஜார்க்கண்ட் பையன், 22, 23 வயசு இருக்கும், கலவைச் சட்டியோடு அதில் கால் வைத்தான். பதினாலு அடி. பாதி உடம்பு மணல் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது, தொடை எலும்பு முறிந்தது. ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஆபீசிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது அவன் ஒரு செருப்பு மட்டும் மேலே சாரத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றது.

சாயந்தரம் அறிக்கை தயார் பண்ண வேண்டும். எனக்கு டைப்பிங் வேகம் என்பதால் என்னை உட்கார வைத்தார்கள். நேரம், இடம், காயம், ஹெல்மெட் அணிந்திருந்தாரா என்று வரிசையாகக் கட்டங்கள். ‘மூல காரணம்’ என்ற கட்டம் வந்ததும் மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே, ‘தொழிலாளியின் கவனக்குறைவுன்னு போடுங்க மேடம்’ என்றார். போட்டேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் போட்டேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மை இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது தப்பாகவே படவில்லை. அடுத்த கட்டத்துக்கு டேப் கீயைத் தட்டினேன்.

அடுத்த வாரம் அந்த கேங்கில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் ஆள்கணக்கில் கையெழுத்துப் போட வந்தான். பலகை எப்போது வெடித்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். திங்கட்கிழமை என்றான். விழுந்தது வியாழக்கிழமை. திங்கள் முதல் அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, மற்றவர்கள் அந்தப் பலகையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். இவன் அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் மாற்றி விடப்பட்டவன். ‘சொல்லியிருக்கலாமே?’ என்றேன். அவன் தமிழை விட்டுவிட்டு, ‘கிஸ்கோ போலே, மேடம்?’ என்றான். யாரிடம் சொல்வது? போன மாதம் ஒருத்தன் பலகை சரியில்லை என்று இறங்கி நின்றதற்கு சப் காண்ட்ராக்டரின் ஆள் அரை நாள் கூலியைப் பிடித்தானாம். அந்த அரை நாள் பிடித்தம் என் பில்லிலும் இருந்தது. நான்தான் கூட்டிக் கழித்து டிக் போட்டிருந்தேன்.

மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தது 2014 ஜூன் 28. 61 பேர் செத்துப் போனார்கள். அப்போது நான் வேறொரு கம்பெனியில் புதுசு. அடுத்த இரண்டு வாரம் எல்லா சைட்டிலும் எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், கட்டடமே சரிந்தால் ஹெல்மெட் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. அப்புறம் வழக்கம்போல. சட்டம் இல்லாமல் இல்லை. 1996-இல் கட்டடத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1998-இல் மத்திய விதிகள் வந்தன. ஆனால் சேஃப்டி அதிகாரி கட்டாயம் என்று அந்த விதிகளில் இருந்தது 500 ஆள் வேலை செய்கிற இடத்துக்கு. கடலூரில் நான் பார்த்த சைட்டுகளில் 500 ஆள் சேர்ந்து நின்றது எனக்குத் தெரிந்து கிடையாது. எங்கள் 70 பேருக்கு மேனேஜரின் மூஞ்சிதான் விதி.

ஒருதடவை புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ‘பாதுகாப்புக் கலாச்சாரம்’ என்ற சொல்லே 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்கு அப்புறம் வந்த அறிக்கைகளிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது என்று அங்கே சொன்னார்கள். கலாச்சாரம் என்று கேட்டாலே எனக்குப் பரதநாட்டியம்தான் ஞாபகம் வரும். பிரியாணி நன்றாக இருந்தது.

இப்போது இரண்டு வருஷமாகக் கடலூரிலேயே வேலை. பஸ் மிச்சம். முதலாளி நெல்லிக்குப்பம் பக்கத்துக்காரர், கொத்தனாராக இருந்து காண்ட்ராக்ட் எடுக்க வந்தவர். எல்லோருக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன்தான். ஆபீஸ் என்பது ஒரு தகர ஷெட். சுவரில் முருகன் காலண்டரைத் தவிர எதுவும் கிடையாது.

போன வருஷம் தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் ஆறு வீடு கட்டினோம். கடற்கரை மண், தோண்டத் தோண்ட உள்ளே வழியும். சம்ப்புக்கு எட்டடிக் குழி எடுத்தபோது கீழே மூன்று பேர். மேலே பாண்டு வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்த அக்கா, சித்தாளாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவர், திடீரென்று ‘ஏறுங்கடா மேல!’ என்று கத்தினார். விளிம்பிலிருந்து ரெண்டு அடி தள்ளி மண்ணில் கோடு மாதிரி ஒரு பிளவு தெரிகிறதாம். நான் போய்ப் பார்த்தேன், எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், இடுப்பு வரைக்கும் மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது, அது எனக்குப் படித்துத் தெரியும். அக்காவுக்கு எப்படித் தெரியுமோ.

அண்ணன் வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். ‘இன்னைக்கு விடு’ என்றார். மணி பதினொன்று. மத்தியானம் வரைக்கும் காத்திருந்தோம், மண் சரியவே இல்லை. சாயந்தரமும் சரியவில்லை. மூன்று பேரில் ஒருத்தன், ‘அக்கா சும்மா பயமுறுத்திட்டாங்க’ என்று சிரித்தான். அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் முழு நாள் சம்பளம், அக்காவுக்கும். மறுநாள் குழி விளிம்பில் கொட்டியிருந்த மண்ணை வாரி அப்பால் தள்ளி, பக்கத்தைச் சரித்து வெட்டி, சவுக்குக் கம்பும் பலகையும் முட்டுக் கொடுத்து அப்புறம் இறங்கினார்கள். நஷ்டம் ஒரு நாள் கூலியும் இருபது சவுக்குக் கம்பும். நான் கணக்கு எழுதினேன்.

மண் சரிந்து மூன்று பேர் பிழைத்திருந்தால் அக்காவை ஊரே பாராட்டியிருக்கும், அது பெரிய விஷயமில்லை. ஒன்றுமே நடக்காமல் ஒரு நாள் வேலை கெட்டும் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வில்லியனூரில் அந்த டிரெய்னியின் காது சிவந்தது எனக்கு அன்றைக்கு முழுக்க ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

அண்ணனைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் ரப்பர் செருப்பில்தான் சாரம் ஏறுகிறார்கள். நல வாரியத்தில் பதிய ஆதாரை வாங்கிக் கொடுங்கள் என்று நான் ஒரு வருஷமாகக் கத்துகிறேன், ‘பாக்கலாம் இன்ஜினியரம்மா’ என்கிறார். எதையும் எழுதமாட்டார், எல்லாம் தலையில். அவர் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் சைட் வேறு சைட் ஆகிவிடுகிறது, சத்தியமாக. எழுதி வைக்கிற கம்பெனியில் பேச ஆளில்லை, பேசுகிற கம்பெனியில் எழுத ஆளில்லை என்று வீட்டுக்காரரிடம் புலம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் சாரத்தின் மேல் ஒரு பலகை, ஒரு தகரம் இருக்காது. 2011 டிசம்பர் 30 தானே புயல் இந்த ஊரில் கரை ஏறியபோது பறந்த தகரத்தை அவர் பார்த்திருக்கிறார். முழுசாக இறக்கி அடுக்கச் சொல்லிவிடுவார். புயல் ஆந்திரா பக்கம் போய்விடும். மறுபடி ஏற்றிக் கட்ட இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கும் கூலி உண்டு.

நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். இதுவும் நீல அட்டைதான், கடையில் அதுதான் இருந்தது. ஆறு மாதத்தில் 31 பதிவு. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், கையெழுத்து என்னுடையதுதான் என்றாலும் பேனா மாறி மாறி இருக்கும். பாதி ஒன்றுமில்லாத விஷயம். ‘மிக்சர் பக்கத்துல நாய் குட்டி போட்டிருக்கு, கடிக்க வருது’ என்றுகூட ஒன்று இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பதிவு இது. சாரப் பலகை ஆறு, வெடிப்பு. அண்ணன் அதை ஓரமாக ஒதுக்கி வைக்க விடவில்லை. ஒதுக்கி வைத்தால் எவனாவது ஆள் குறைச்சலில் எடுத்து மறுபடி போட்டுவிடுவான் என்று அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறையும் கோடாலியால் பிளந்தார். முனையில் இருக்கும் டீக்கடைக்காரர் சைக்கிளில் வைத்துக் கட்டி எடுத்துப் போனார். ஸ்டோர் ரிஜிஸ்டரில் ‘விறகு – 6’ என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். ‘ஆறு டீ’ன்னு போடு என்றார்.